காற்றுக்கு யார் பொறுப்பு?

2003 ஆகஸ்டில், தமிழ்நாட்டுக் கோயில்களில் ஆடு, கோழி பலியிடக் கூடாது என்று அரசு ஆணையிட்டது. 1950ஆம் ஆண்டிலிருந்து ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்த சட்டம் ஒன்றைத் தட்டி எழுப்பிய ஆணை அது. மாரியம்மனுக்கும் முனியப்பனுக்கும் நேர்ந்துவிட்ட கிடாய்களும் சேவல்களும் என்ன ஆவது என்று ஊர் ஊராக வாதம் நடந்தது. உயிர்க்கொலை பாவம் என்றது ஒரு பக்கம். எளியவர்களின் சாமியைச் சைவமாக்கப் பார்க்கிறீர்கள் என்றது மறுபக்கம். 2004 பிப்ரவரியில் சட்டமே நீக்கப்பட்டது. அதே மாதங்களில்தான் வியட்நாம், தாய்லாந்து என ஆசியாவின் கிழக்கில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோழிகளும் வாத்துகளும் பறவைக் காய்ச்சலில் செத்தன. அல்லது காய்ச்சல் பரவாமலிருக்க மூட்டை மூட்டையாகப் புதைக்கப்பட்டன. இரண்டு செய்திகளும் ஒரே நாளிதழ்களில் வந்தவை. ஆனால் பலிபீடத்துச் சேவலுக்காக அறநூல்களைப் புரட்டியவர்களுக்கு அந்தப் பத்துக் கோடி ஓர் அறக்கேள்வியாகவே படவில்லை. முதலாவது பாவமா புண்ணியமா என்ற விவகாரம், இரண்டாவது கால்நடைத்துறை விவகாரம் என்று நாமாகவே பிரித்துக்கொண்டோம்.

இந்தப் பிரிவினை சரிதானா என்பதே இங்கே கேள்வி. கொல்லாமை பற்றிய நம் சிந்தனை பெரும்பாலும் கத்தி பிடித்த கையைப் பார்த்தே வளர்ந்தது. வெட்டியவன் யார், வெட்டச் சொன்னவன் யார், தின்றவன் யார் என்று கேட்க அதற்குத் தெரியும். மூச்சில் பரவும் வைரஸுக்குக் கை கிடையாது. அது வந்து கொன்றால் ‘நோய் வந்தது’ என்கிறோம், மழை வந்தது என்பதுபோல. நாளொன்றுக்குச் சுமார் ஐந்து கோடி முட்டை எடுக்கும் நாமக்கல் மண்டலத்தில் வாழ்ந்துகொண்டு அப்படிச் சொல்வது பொய்யாகிவிடும் என்பது என் வாதம். ஓர் உயிர் எந்தக் காற்றை, எத்தனை உயிர்களோடு, எவ்வளவு நெருக்கத்தில் சுவாசிக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானித்த பிறகு, அந்தக் காற்றில் வருவதற்கும் நாமே பொறுப்பு. அந்தப் பொறுப்பு கத்தி பிடித்தவனுடையதைவிடக் குறைந்ததல்ல.

முதலில் அந்தக் காற்றைப் பார்ப்போம். கோழியின் நுரையீரல் நம்முடையதைப் போன்றதல்ல. நமக்கு இருக்கும் உதரவிதானம் அதற்குக் கிடையாது. வயிற்றிலிருந்து எலும்புவரை ஊடுருவியிருக்கும் மெல்லிய காற்றுப்பைகள் துருத்திபோல் இயங்க, காற்று நுரையீரலுக்குள் ஒரே திசையில் ஓடுகிறது. பறப்பதற்காக இயற்கை செய்த அருமையான ஏற்பாடு இது. பறக்காத கூண்டுக்குள் இதுவே அதன் பலவீனம். இரத்த ஓட்டம் குறைந்த அந்தப் பைகளுக்குள் நுழைந்த கிருமியை எதிர்க்க உடம்பிடம் அதிகப் படை இல்லை. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்மயிர்கள்தாம் முதல் காவல். உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து வெளியே தள்ளுபவை அவை. எரு குவிந்து கிடக்கும் கொட்டகையில் எழும் அம்மோனியா அந்த மயிர்களைத்தான் முதலில் செயலிழக்கச் செய்கிறது. கூண்டில் ஒரு பறவைக்குக் கிடைக்கும் இடம் சுமார் 450 சதுர சென்டிமீட்டர், ஒரு ஏ4 தாளின் முக்கால் அளவுகூட இல்லை. ஒரு கோழி தும்மினால் அடுத்த கோழியின் அலகு சில அங்குலங்களில் இருக்கிறது. தீவனத்தொட்டி பொது, தண்ணீர்க்குழாய் பொது. இதற்குமேல் முட்டை அட்டைகளும் தீவன லாரியின் சக்கரங்களும் தடுப்பூசி போட வருபவரின் செருப்பும் ஒரு பண்ணையின் மூச்சை அடுத்த பண்ணைக்குக் கொண்டுபோகின்றன. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வானிலைக் குறிப்போடு சேர்த்துப் பண்ணையாளர்களுக்குத் தரும் அறிக்கைகளில், இறந்த கோழிகளின் பரிசோதனையில் கண்டதாக வெப்ப அயற்சியும் மூச்சுக்குழாய் நோயும் மாறி மாறி இடம்பெறுவதை நாளிதழ் படிக்கும் எவரும் கவனித்திருக்கலாம். அங்கே மழை, வெயிலைப் போல மூச்சுத்திணறலும் ஒரு பருவநிலை.

இந்தக் காற்றில் அலையும் வைரஸ்கள் புதியவையல்ல. நம் கிராமங்கள் வெள்ளைக்கழிச்சல் என்று அழைக்கும் ராணிக்கெட் நோய், குமாவுன் மலையூர் ஒன்றின் பெயரால் 1920களின் பிற்பகுதியிலிருந்து இங்கே அறியப்பட்டது. இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் 1926இல் பதிவான அதே நோய்தான் அது. கோழிகளைக் கொர்கொர் என்று மூச்சிழுக்க வைத்து, முட்டையைத் தோல்முட்டையாக்கும் இன்னொரு நோய் 1931இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. அதை உண்டாக்குவது ஒரு கொரோனா வைரஸ். 2020இல் உலகம் முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டு அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டபோது, கோழிக்கொட்டகைகள் தொண்ணூறு ஆண்டுகளாக அதனோடு அடைபட்டுக் கிடந்தன.

‘வைரஸ் இயற்கையானது, வலசைப் பறவைகள் கொண்டுவருகின்றன, அதற்கு மனிதன் என்ன செய்வான்?’ என்பது இயல்பாக எழும் மறுப்பு. இதில் பாதி உண்மை. பறவைக் காய்ச்சல் வைரஸ்களின் பழைய வீடு காட்டு வாத்துகளின் குடல்தான். ஆனால் அங்கே அவை பெரும்பாலும் சாதுவாக இருந்தன. நோயில் படுத்த வாத்து பறக்காது, பறக்காத வாத்து வைரஸை அடுத்த குளத்துக்குக் கொண்டுபோகாது. அதனால் காட்டில் கொடுமை வைரஸுக்கே நட்டம். கொட்டகையில் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அடுத்த உடம்பு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது இந்த உடம்பு இன்றே விழுந்தாலும் வைரஸுக்கு இழப்பில்லை. இது வெறும் ஊகமல்ல. 1983இல் பென்சில்வேனியாவின் கோழிப்பண்ணைகளுக்குள் லேசான நோயாகச் சுற்றிவந்த ஒரு வைரஸ், சில மாதங்களில் அந்தப் பண்ணைகளுக்குள்ளேயே கொடூரமானதாக மாறியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பறவைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. 1998இல் ஆஸ்திரேலியாவில் ராணிக்கெட் வைரஸும் உள்ளூர்ப் பண்ணைகளில் இருந்த சாதுவான வகையிலிருந்தே கொடியதாக மாறியது. இன்று உலகைச் சுற்றும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வகையின் மூதாதை 1996இல் சீனாவின் குவாங்டாங்கில் ஒரு பண்ணைப் பெருவாத்திடம் (கூஸ்) கண்டறியப்பட்டது. அது காட்டுப் பறவைகளுக்குத் தொற்றி, அவற்றைக் கொன்று, அவற்றோடு பறந்து, 2023இல் தென்னமெரிக்கக் கரைகளில் கடற்சிங்கங்களைக் கொத்துக்கொத்தாகச் சாய்த்தது. வலசைப் பறவையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறவர்கள், அது நம்மிடம் கடன் வாங்கியதைத்தான் வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் இந்த வைரஸ் தெரிந்தபோது இது இன்னும் பச்சையாக வெளிப்பட்டது. மூச்சு நோய் என்று பெயர் பெற்ற வைரஸ் மாடுகளிடையே பரவியது முக்கியமாகப் பால் வழியே, ஒரு மடியிலிருந்து அடுத்த மடிக்குப் போகும் கறவை இயந்திரம் வழியே. மாட்டை லாரியில் ஏற்றி மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோனவர்கள் வைரஸையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

‘செய்யவில்லை, நடந்துவிட்டது’ என்ற இந்தத் தப்பித்தலைத் தமிழ்ச் சிந்தனை ஏற்கெனவே ஒருமுறை விசாரித்திருக்கிறது. சமண நூலான நீலகேசியின் கதையே பலியில்தான் தொடங்குகிறது. பாஞ்சால நாட்டுக் காளி கோயிலுக்குப் பலி கொண்டுவந்தவர்களிடம் முனிச்சந்திரர் என்ற முனிவர், மண்ணால் உருச் செய்து வையுங்கள் போதும் என்கிறார். பலி இழந்த தேவதைக்காக அவரை விரட்ட வந்த பழையனூர் நீலி, அவரிடமே அறம் கேட்டு மாணவியாகிறாள். பலி கேட்டுப் பழகிய பெண்தெய்வம் கொல்லாமையின் வழக்கறிஞராகப் புறப்படுவதைத் தமிழில் வேறெங்கே பார்க்க முடியும்? அவள் பௌத்தர்களோடு நடத்தும் வாதங்களில் ஊனுணவும் ஒன்று. நான் கொல்லவில்லை, எனக்காகக் கொல்லச் சொல்லவுமில்லை, சந்தையில் கிடந்ததை வாங்கினேன், ஆகவே என்மேல் குற்றமில்லை என்பது பௌத்தத் தரப்பு. அவர்களுக்கு வினை என்பது எண்ணத்தில் இருக்கிறது. சமணத் தரப்போ எண்ணம் இல்லாத செயலுக்கும் விளைவு உண்டு என்கிறது. வாயைத் துணியால் மூடிக்கொள்ளும் சமணத் துறவிகளை நினைத்துப் பாருங்கள். தன் மூச்சே, தான் அறியாமலே, இன்னோர் உயிருக்குத் தீங்காகலாம் என்று அஞ்சிய மரபு அது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் வாங்குகிறவன் இருப்பதால்தான் விற்கிறவன் இருக்கிறான் என்ற கணக்கைப் போட்டுவிட்டது. ஆக, பொறுப்பு கையோடு முடிவதில்லை, சந்தை வழியாக நீள்கிறது என்பது மிகப் பழைய வாதம். நான் கூட்டிச் சேர்ப்பது ஒன்றுதான். பொறுப்பு சாவுக்கு மட்டுமல்ல, அடைத்துவைத்த வாழ்வுக்கும் நீள்கிறது. கோழியை வெட்டாமல் முட்டையை மட்டும் தின்பவரும் அதற்கு வெளியே இல்லை. முட்டை சைவமா அசைவமா என்று நாம் வேடிக்கையாகப் போடும் சண்டையில் இந்தப் பகுதி எப்போதும் விடுபட்டுப்போகிறது.

இதற்கு எதிராகச் சைவ சித்தாந்தம் தெரிந்த ஒருவர் சொல்லக்கூடிய பதில் உண்டு. கோழியாகப் பிறந்ததும் கூண்டில் இருப்பதும் நோயில் விழுவதும் அந்த உயிரின் கன்மம். ஒவ்வோர் உயிரும் தன் வினைப்பயனை நுகர்ந்தே தீர வேண்டும். இதில் பண்ணைக்காரர் வெறும் கருவி. கேட்க அமைதியாக இருக்கிறது. ஆனால் சித்தாந்தத்தின் பாதியை மட்டும் படித்த அமைதி இது. வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரித்த அதே மரபில், இப்பிறவியில் நுகர்வது பிராரத்தம், நுகரும்போதே புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். கோழியின் மூச்சுத்திணறல் அதன் பிராரத்தமாகவே இருக்கட்டும். கூண்டின் அளவைத் தீர்மானிப்பது யாருடைய ஆகாமியம்? துன்பம் நுகர்பவரின் பழைய கணக்கைக் காட்டிச் செய்பவரின் புதுக் கணக்கைக் கழிக்க எந்த ஆசாரியரும் அனுமதித்ததில்லை. அனுமதித்திருந்தால் கொலைகாரனுக்கும் அதே வாதம் போதுமே.

‘கோழிக்கு என்ன தெரியும்?’ என்று இன்னும் எளிமையாகக் கேட்பவர்களும் உண்டு. உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கிய தொல்காப்பிய மரபியல், மனம் என்னும் ஆறாவதை மனிதருக்கு ஒதுக்கி, விலங்கு பறவைகளுக்கு ஐந்தைக் கொடுத்தது. மூச்சு முட்டுவதை உணர ஆறாவது தேவையில்லை. நாளை என்ன ஆகுமோ என்ற கவலை கோழிக்கு இல்லாமலிருக்கலாம். இந்தக் கணம் காற்று போதவில்லை என்பது தோலாலும் தொண்டையாலும் அறிவது.

மிக வலுவான மறுப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. வெள்ளைக்கழிச்சல் பண்ணைகளால் வந்ததா? நாமக்கல்லில் ஒரு கூண்டுகூட இல்லாத காலத்திலேயே கோடை தொடங்கினால் ஊரில் பாதிக் கோழி சுருண்டு விழும். சீக்குக்கோழிபோல் தூங்காதே என்ற வசைச்சொல்லே அந்தக் காலத்து முற்றத்தில் பிறந்ததுதான். இன்று வேளை தவறாமல் தடுப்பூசியும் மருத்துவரும் பெறுவது பண்ணைக் கோழி. ஒன்றுமில்லாமல் சாவது வீட்டுக் கோழி. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். கிராமத்தைச் சொர்க்கமாக்குவது என் நோக்கமல்ல. சீக்கு தெரிந்ததும் மிச்சக் கோழிகளைக் கூடையில் கவிழ்த்துச் சந்தைக்கு ஓடுவதும் கிராமத்து வழக்கம்தான். நோயை ஊர்விட்டு ஊர் கொண்டுபோனது அந்தக் கூடை. ஆடுகளின் கதையும் இதுவே. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். மூக்கு ஒழுக, இரும, மூச்சிரைக்கச் சாகும் அந்த நோய் நெருங்கி நிற்கும் ஆடுகளின் மூச்சில் பரவுகிறது. மேச்சேரிச் செம்மறியும் சேலம் கருப்பு ஆடும் மேயும் இந்தச் சமவெளியில் அவை நெருங்கி நிற்கும் இடம் மேய்ச்சல் காடு அல்ல, கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தை போன்ற இடங்கள். ஆக முற்றமானாலும் பண்ணையானாலும் உயிர்களை ஒன்றுதிரட்டுவதும் நகர்த்துவதும் மனிதன். என் வாதம் பழையது தூய்மை, புதியது பாவம் என்பதல்ல. ஏற்பாடு எவ்வளவு பெரிதோ பொறுப்பும் அவ்வளவு பெரிது என்பதுதான்.

தடுப்பூசியைப் பற்றியும் இதே நேர்மையோடு பேச வேண்டும். குமாவுன் மலையிலேயே இருக்கும் முக்தேஸ்வர் ஆய்வகத்தில் 1940களில் உருவான ராணிக்கெட் தடுப்பூசி காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வீட்டுக் கோழிகளுக்கென்று தீவனத்தோடு கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. நான்கைந்து கோழி வைத்திருக்கும் ஒரு பாட்டிக்காக ஆய்வகத்தில் உழைப்பது, என் பார்வையில், எந்த அன்னதானத்துக்கும் குறையாத ஜீவகாருண்யம். ஆனால் தடுப்பூசி நோயைத் தடுக்கும் அளவுக்குத் தொற்றைத் தடுப்பதில்லை. ஊசி போட்ட கோழி நலமாக நின்றுகொண்டே வைரஸை வெளிவிடலாம். ஆகவே அது நெருக்கத்தின் விலையைத் தள்ளிப்போடும் கருவியாகவும் ஆகிவிடுகிறது. ஊசி இருக்கிறதே என்ற தைரியத்தில் கொட்டகைக்கு இன்னும் ஒரு வரிசை கூண்டு சேரும்போது, கருணையாகத் தொடங்கியது வியாபார உத்தியாக முடிகிறது.

இங்கே மாரியம்மனிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் ஊரே திரள்கிற இந்தப் பக்கத்தில், அம்மை என்ற சொல் நோய்க்கும் தாய்க்கும் ஒன்றாகவே இருக்கிறது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள், வெளியாள் நுழைய மாட்டார், வேப்பிலை செருகியிருக்கும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரைவிட்டுப் போய் இரவு தங்கக் கூடாது என்பது விதி. இதைக் காட்டி ‘முன்னோர் அன்றே வைரஸை அறிந்திருந்தார்கள்’ என்று மார்தட்டுவது வீண் பேச்சு. அறிந்திருந்தால் அத்தனை குழந்தைகள் செத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வேறொன்றை அறிந்திருந்தார்கள். நோய் ஒரு வீட்டுக்காரனின் குற்றமுமல்ல, யாருடையதுமல்லாத விபத்துமல்ல. அது ஊருக்கு வந்தது, ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். தனி மனிதன் செய்தான் அல்லது இயற்கை செய்தது என்ற இரண்டே கட்டங்கள் உள்ள நம் இன்றைய பேச்சில் இல்லாத மூன்றாவது கட்டம் இது. கோழிக்கொட்டகைக்குத் தேவைப்படுவதும் அதுதான். ஒரு பண்ணையாளரை மட்டும் பிடித்து நீ பாவி என்பதில் பொருளில்லை. முட்டை விலை பைசாக் கணக்கில் ஏறி இறங்கும் தொழிலில், கூண்டைத் தனியாக ஒருவர் பெரிதாக்கினால் அடுத்த ஆண்டு தொழிலில் இருக்க மாட்டார். வாங்குகிறவர், விலை சொல்கிறவர், கடன் கொடுக்கும் வங்கி, உரிமம் தரும் அரசு எல்லாரும் சேர்ந்துதான் அந்த ஊர்.

சட்டம் அந்த இடத்தை எட்டித் தொட்டுவிட்டு நிற்கிறது. நியாயமான அளவுக்கு அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஐரோப்பிய ஒன்றியம் வெறும் கம்பிக் கூண்டுகளை 2012 தொடக்கத்திலிருந்து தடைசெய்தது. 2017இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269ஆம் அறிக்கையை முட்டைக்கோழி, கறிக்கோழிகளின் இருப்பிடத்துக்காகவே எழுதியது. பலியிடும் சேவலுக்காக மாநிலமே பேசியதோடு ஒப்பிட்டால், இந்த அறிக்கைக்காக ஒரு திண்ணைகூடப் பேசவில்லை.

பசி என்ற வாதத்துக்கு வருகிறேன். அதைத் தாண்டிப் போவது நியாயமல்ல. 1982இல் விரிவடைந்த சத்துணவுத் திட்டத்தில் 1989இல் முட்டை சேர்ந்தது. ஒரு குழந்தையின் தட்டில் விழும் அந்த முட்டை நாமக்கல்லின் நெருக்கமான கூண்டால்தான் அந்த விலைக்கு வந்தது. கோழிக்கு இடம் கேட்கிறாயே, குழந்தைக்குப் புரதம் யார் தருவார்? வடலூரில் 1867இல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலாரை இரு தரப்பும் சாட்சிக்கு அழைக்கலாம். பசி நீக்குவதை ஜீவகாருண்யத்தின் தலையில் வைத்தவர் அவர். ஆனால் அதே வரிசையில் கொலையையும், பிணியையும், பயத்தையும் உயிர்களுக்கு நேரும் துன்பங்களாக எண்ணியவரும் அவரே. ஓர் உயிரின் பசியை இன்னோர் உயிரின் துன்பத்தால் ஆற்றுவதை அவர் ஏற்கவேயில்லை. அவ்வளவு தூரம் என்னால் போக முடியவில்லை. பள்ளிக் குழந்தையின் முட்டையைப் பறிக்கச் சொல்லும் அறம் வயிறு நிறைந்தவர்களின் அறமாகத்தான் இருக்கும். ஆனால் நாமக்கல் முட்டைகளெல்லாம் சத்துணவுக் கூடத்துக்குப் போவதில்லை. கேரளத்து பேக்கரிக்கும், வளைகுடாவுக்குச் செல்லும் கப்பலுக்கும், நள்ளிரவு பரோட்டாக் கடையின் ஆம்லெட்டுக்கும் போவதுதான் அதிகம். ஏழைக் குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு அத்தனையும் நியாயப்படுத்துவது, அந்தக் குழந்தையையும் ஒரு கூண்டாகப் பயன்படுத்துவது. இடம் கொடுத்து வளர்த்த முட்டைக்குக் கூடும் விலையைச் சத்துணவுக்கு அரசு ஏற்கலாம். மற்றவர்கள் ஏற்கத்தான் வேண்டும்.

கடைசியாக, கொன்று தடுப்பது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் தெரிந்ததிலிருந்து இதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. நோய் கண்ட இடத்தைச் சுற்றிய குறிப்பிட்ட தூரத்துக்குள் நோயற்றவை உட்பட எல்லாப் பறவைகளும் கொல்லப்பட்டுப் புதைக்கப்படும். 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளுக்கு அது நடந்தபோது தமிழக எல்லைச் சாவடிகளில் லாரிகளுக்கு மருந்து தெளித்தார்கள். நாமக்கல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பலன் உண்டா என்றால் உண்டு. 1997இல் ஹாங்காங்கில் பதினெட்டுப் பேருக்குத் தொற்றி ஆறு பேர் இறந்தபோது, நகரத்தின் பதின்மூன்று லட்சம் கோழிகளையும் சில நாட்களில் கொன்றார்கள். மனிதத் தொற்று அங்கே நின்றது. இதை நியாயப்படுத்தச் சிலர் செங்கோன்மை அதிகாரத்துக் களை உவமையைத் துணைக்கு அழைக்கக்கூடும்: கொடியவரை அரசன் தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பது போன்றது என்று குறள் சொல்கிறதே. உவமை இங்கே பொருந்தாது. களை என்பது குற்றவாளி. கொட்டகைக் கோழி எந்தக் குற்றமும் செய்யவில்லை. நாம் நிறுத்திய இடத்தில் நின்றது, நாம் கொடுத்த காற்றை இழுத்தது. ஆகவே புதைப்பதைத் தண்டனை என்று சொல்ல முடியாது, தற்காப்பு என்று மட்டுமே சொல்லலாம். செய்தே தீர வேண்டிய ஒன்று பாவமாகவும் இருக்க முடியும். நீலகேசியின் சமணம் அதைத்தான் சொல்கிறது: கட்டாயம் வினையைக் கழிப்பதில்லை. பண்ணையாளருக்கு நட்டஈடு தரும் கணக்கு இருக்கிறது. கோழிக்கு இழைத்ததன் கணக்குக்குப் பத்தி கிடையாது.

அந்தக் கணக்கைத் தீர்க்கும் வழியாக நான் சொல்லவரும் தளர்வான வளர்ப்பும் குறையற்றதல்ல. கூண்டைத் திறந்து வெளியே விட்டால் காக்கையும் காட்டு வாத்தும் பங்கு போட்ட அதே காற்றும் தண்ணீரும்தான் கோழிக்குக் கிடைக்கும். 2021க்குப் பிந்தைய குளிர்காலங்களில் பிரிட்டனில், வெளியே மேய்ந்த கோழிகளை அரசே உள்ளே அடைக்கச் சொன்னது. திறந்தவெளிக் கோழி முட்டை என்று அட்டையில் அச்சடித்தவர்கள் அதை நீக்க வேண்டியிருந்தது. பிரான்ஸ் வேறொரு வழியை எடுத்து, 2023 அக்டோபர் முதல் வாத்துகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. இடம் தருவதும் நோயிலிருந்து காப்பதும் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதில்லை. சுவருக்குள்ளேயே, கூண்டில்லாமல், எண்ணிக்கையைக் குறைத்து, எருவை அன்றன்று அகற்றி, ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே வெறும் நிலம் விட்டு வளர்ப்பது நடுவழி. அதற்கு ஆகும் செலவு முட்டைக்குச் சில பைசாவா ஓரிரு ரூபாயா என்று வாதிடலாம். யாருடைய கணக்கில் எழுதுவது என்றும் வாதிடலாம். இன்றைக்கு அந்தத் தொகை முழுவதையும் கோழி தன் மூச்சால் கட்டிக்கொண்டிருக்கிறது.